பிப்ரவரி 28-க்கு எங்க போகலாம்? ஓப்பன் டே, கோளரங்கம், டெலஸ்கோப், லெக்சர், கண்காட்சி: எது யாருக்கு ஒத்துவரும்

பிப்ரவரி பாதி தாண்டுச்சுன்னா ஸ்கூல் வாட்ஸ்அப் க்ரூப்ல போஸ்டர் ஒண்ணு ஒண்ணா வர ஆரம்பிச்சுடும். தேசிய அறிவியல் தினம், இங்க ஓப்பன் டே, அங்க கண்காட்சி, மொட்டைமாடில டெலஸ்கோப், கோளரங்கத்துல ஸ்பெஷல் ஷோ, ஒரு பேராசிரியரோட லெக்சர், வினாடி வினா, ஓவியப் போட்டி. எல்லாமே ஒரே வாரத்துல, பாதி ஒரே நாள்ல. வீட்ல ரெண்டு புள்ளைங்க, கைல ஒரே ஒரு லீவு நாள், இதுல எதுக்குக் கூட்டிட்டுப் போறதுன்னு முழிக்கிறவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். பல வருஷமா இந்த மாதிரி இடங்களுக்குப் போய்ட்டு இருக்கேன், சிலதுல வாலண்டியராவும் நின்னிருக்கேன், அதனால மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கும்னும் கொஞ்சம் தெரியும்.

என் அளவுகோல் ஒண்ணே ஒண்ணுதான், அதை முதல்லயே சொல்லிடுறேன். அந்த இடத்துல உங்க புள்ள ஒரு கேள்வி கேட்டா, விஷயம் தெரிஞ்ச ஒரு ஆள் நின்னு பதில் சொல்ல நேரம் இருக்குமா? எவ்ளோ பெரிய மெஷின், எத்தனை ஸ்டால், யார் வந்து ரிப்பன் வெட்டுறாங்க இதெல்லாம் அப்புறம். பெரிய மெஷினை யூட்யூப்ல பாத்துக்கலாம், அந்த மெஷினை ஓட்டுற அக்காகிட்ட "இது ரிப்பேர் ஆனா என்ன பண்ணுவீங்க"ன்னு கேக்க யூட்யூப்ல முடியாது.

இந்த நாளே அப்படி ஒரு விஷயத்துக்காக வச்சதுதான். 1928 பிப்ரவரி 28, கல்கத்தால சி.வி.ராமன். திருச்சில பிறந்தவர், கூட வேலை பாத்த கே.எஸ்.கிருஷ்ணன் நம்ம வத்திராயிருப்புக்காரர். சூரிய வெளிச்சத்தை ஊதா ஃபில்டர் வழியா ஒரு திரவத்துக்குள்ள விட்டு, சிதறி வெளிய வர்றதை பச்சை ஃபில்டர் வச்சுப் பாத்தாங்க. ஊதா மட்டும்தானே உள்ள போகுது, அப்போ பச்சை ஃபில்டர்ல எதுவும் தெரியக்கூடாது, ஆனா மங்கலா தெரிஞ்சுது. அதாவது சிதறும்போது வெளிச்சத்துல ரொம்ப ரொம்பக் கொஞ்சம் நிறம் மாறி வருது, இதைத்தான் ராமன் விளைவுன்னு சொல்றோம். 1930-ல நோபல். 1986-ல அரசு இந்த நாளை அறிவிச்சு, 1987-ல இருந்து கொண்டாடிட்டு வர்றோம். கண்ணும் ரெண்டு ஃபில்டரும் சூரியனும் வச்சு ஆரம்பிச்ச ஒரு கண்டுபிடிப்போட பேர்ல, இன்னிக்கு எல்லாரும் ஏசி ஹால்ல எல்ஈடி ஸ்க்ரீன் வைக்கிறாங்கங்கிறது எனக்கு எப்பவும் கொஞ்சம் உறுத்தும், சரி விடுங்க.

இன்னொரு நடைமுறை விஷயம். எல்லா நிகழ்ச்சியும் 28-ம் தேதிலயே நடக்காது. அன்னிக்கு வேலைநாளா இருந்தா முன்ன பின்ன உள்ள சனி ஞாயிறுக்குத் தள்ளிடுவாங்க, சில ஓப்பன் டே மார்ச்லகூட வரும். மார்ச்ல ப்ளஸ் டூ, பத்தாவது பப்ளிக் எக்ஸாம். அதனால அந்த ரெண்டு க்ளாஸ் புள்ளைங்களை முழுநாள் வெளியூர் கூட்டிட்டுப் போற ஐடியாவை விட்டுடுங்க, அவங்களுக்கு ஒரு மணி நேரத்துல முடியுற மாதிரி ஏதாவது போதும், கீழ சொல்றேன்.

முதல்ல ஓப்பன் டே, ஏன்னா எல்லாரும் ஆசைப்படுறது அதுக்குத்தான். பெங்களூரு ஐஐஎஸ்சி, அதாவது இந்திய அறிவியல் நிறுவனத்தோட ஓப்பன் டே இதுல ராஜா. வருஷத்துல ஒரு நாள், வழக்கமா பிப்ரவரி மார்ச்ல ஒரு சனிக்கிழமை, அனுமதி இலவசம், எல்லா டிபார்ட்மெண்ட்டும் கதவைத் திறந்து வச்சு ஸ்டூடண்ட்ஸ் வாசல்ல நின்னு விளக்குவாங்க. ஹை வோல்டேஜ் லேப்ல செயற்கை மின்னல் விடுவாங்க, ஏரோஸ்பேஸ்ல காற்றுச் சுரங்கம், கெமிஸ்ட்ரி பக்கம் திரவ நைட்ரஜன். மைனஸ் 196 டிகிரில பலூன் சுருங்கி மறுபடி வெளிய எடுத்தா ஊதுறதைப் பாத்துட்டு சின்னப் புள்ளைங்க போடுற சத்தம் இருக்கே! ஆனா கூட்டம். நம்ம ஊர்த் தேர்த் திருவிழா கூட்டம்னு வச்சுக்கோங்க. மின்னல் லேப் க்யூல நின்னீங்கன்னா காலைப் பொழுது அங்கயே போச்சு. உள்ள போனா சில நிமிஷம் டெமோ, அடுத்த பேட்ச் வெளிய காத்திட்டு இருக்கும், கேள்வி கேக்க எங்க நேரம்.

அதனால அங்க போறதுன்னா என் யோசனை: எல்லாரும் ஓடுற இடத்துக்கு ஓடாதீங்க. பேர் கேட்டாலே புரியாத ஒரு டிபார்ட்மெண்ட், மூணாவது மாடி, போஸ்டர் நாலு ஒட்டி வச்சுட்டு ரெண்டு பிஎச்டி ஸ்டூடண்ட் யாராவது வருவாங்களான்னு பாத்துட்டு நிப்பாங்க, அங்க போங்க. அவங்க அரை மணி நேரம் உங்க புள்ளையை உக்கார வச்சு மைக்ராஸ்கோப்புல ஈயோட காலைக் காட்டுவாங்க, பூச்சி எப்படி ஒண்ணுக்கொண்ணு பேசிக்குதுன்னு சொல்லுவாங்க, அவங்க ஆராய்ச்சி ஏன் ரெண்டு வருஷமா நகரலைன்னுகூட சிரிச்சிட்டே சொல்லுவாங்க. சயின்டிஸ்ட்டுன்னா வெள்ளைக் கோட்டு இல்ல, நம்ம வீட்டு அண்ணன் மாதிரி ஒரு ஆளுன்னு புள்ளைக்குத் தெரியுறது அந்த இடத்துலதான். ஒரு நாள்ல மூணு டிபார்ட்மெண்ட், அதுக்கு மேல வேணாம். தண்ணி பாட்டில், தொப்பி, நடக்குற செருப்பு. ஸ்ட்ரோலர் தள்ளுற வயசுப் புள்ளையோட போனா உங்களுக்கும் கஷ்டம், அதுக்கும் கஷ்டம். பன்னெண்டு வயசுக்கு மேலதான் இது உண்மையா லாபம்னு நான் நினைக்கிறேன். சென்னைல இருந்து போக வர 700 கிலோமீட்டர், ராத்திரி ட்ரெயின், தூக்கம் கெட்டு வந்து வெயில்ல நிக்கிறது ஏழு வயசுக்குத் தேவையா?

பக்கத்துலயே சின்ன ஓப்பன் டே இருக்குன்னு நிறைய பேருக்குத் தெரியுறதே இல்ல. காரைக்குடில மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், அடையார்ல தோல் ஆராய்ச்சி நிறுவனம், இந்த மாதிரி சிஎஸ்ஐஆர்ங்கிற மத்திய அரசு ஆராய்ச்சி அமைப்போட லேப்லாம் அறிவியல் தினத்தை ஒட்டியும், செப்டம்பர் 26 சிஎஸ்ஐஆர் நிறுவன நாள் வரும்போதும் ஸ்கூல் புள்ளைங்களுக்குக் கதவு திறந்து விடுறது வழக்கம். கூட்டம் கம்மி, பேச ஆள் உண்டு, தமிழ்லயே பேசுவாங்க. காரைக்குடில பேட்டரி எப்படி வேலை செய்யுது, இரும்பு ஏன் துருப்பிடிக்குதுன்னு பேசுறவங்க அதையே தொழிலா பண்றவங்க. பாம்பன் மாதிரி கடல் காத்து அடிக்கிற இடத்துல பாலம் என்ன பாடுபடும்னு அவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, அப்புறம் உங்க ட்ரெயினுக்கு நேரமாகும். ஒரே குறை, நிறைய தடவை ஸ்கூல் மூலமா வந்தாத்தான் உள்ள விடுவாங்க, தனியா ஃபேமிலியா போனா கேட்லயே நிறுத்திடலாம், முன்கூட்டி போன் பண்ணிக் கேக்குறது நல்லது.

வடக்கப் பக்கம் போறவங்களுக்கு ஒரு இடம் சொல்லணும், புனே பக்கம் நாராயண்காவ் தாண்டி கோடாட். அங்க ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கி, ஒவ்வொண்ணும் 45 மீட்டர் அகலத்துல 30 டிஷ். அறிவியல் தினத்துக்கு அங்க ஊரே திரண்டு வரும், சுத்துப்பட்டு கிராமத்து ஸ்கூல் பசங்க தாங்க செஞ்சதைக் கொண்டு வந்து வைப்பாங்க. வானியலாளர் ஒருத்தர் ஒரு ஆறாம் க்ளாஸ் பையனோட மாடல் முன்னாடி நின்னு கேள்வி கேக்குறாரு, பையன் பதில் சொல்றான். எனக்குப் பிடிச்ச மாடல் திருவிழா இதுதான், ஏன்னா கேள்வி ரெண்டு பக்கமும் போகுது.

கோளரங்கம், அறிவியல் மையம். சென்னை கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கம் 1988-ல இருந்து இருக்கு, திருச்சில ஏர்போர்ட் பக்கம் அண்ணா அறிவியல் மையம், கோயம்புத்தூர்ல மண்டல அறிவியல் மையம், திருநெல்வேலில 1987-ல இருந்து மாவட்ட அறிவியல் மையம், வேலூர்லயும் ஒண்ணு. இதோட பெரிய ப்ளஸ், ஏமாத்தாது. மேகம் வந்தாலும் ஷோ உண்டு, டிக்கெட் சினிமாவை விட கம்மி, உக்கார சீட்டு, பாத்ரூம், வெளிய பார்க்குல ஊஞ்சல் மாதிரி ஆடி பெண்டுலம் புரிஞ்சுக்கலாம். தாத்தா பாட்டியையும் கூட்டிட்டுப் போகலாம். மைனஸ், என் அளவுகோல்படி இது அடி வாங்கும். இருட்டுல உக்காந்து பாக்குறோம், முடிஞ்சதும் லைட் போட்டு வெளிய அனுப்பிடுறாங்க, அடுத்த ஷோவுக்குக் கூட்டம் நிக்குது. அறிவியல் தின வாரத்துல மட்டும் சில இடங்கள்ல டெமோ, சின்ன ஒர்க்ஷாப்புன்னு சேத்து வைப்பாங்க, போறதுன்னா அந்த நாள் பாத்துப் போங்க, சாதா நாள்ல எப்ப வேணா போகலாம் இல்லையா. தமிழ் ஷோ எத்தனை மணிக்குன்னு கேட்டுட்டுப் போங்க, இங்கிலீஷ் ஷோல மாட்டிக்கிட்டு புள்ள தூங்கிட்டு வர்றது சகஜம். சென்னைல அதே காந்தி மண்டபம் ரோட்லதான் அண்ணா நூற்றாண்டு நூலகமும், காலைல கோளரங்கம், மதியம் நூலகத்துல குழந்தைகள் பிரிவுன்னு ஒரே நாள்ல ரெண்டையும் முடிச்சிடலாம். அஞ்சுல இருந்து எட்டு வயசுப் புள்ளைங்களுக்கு இந்தக் காம்பினேஷனை அடிச்சுக்க ஆளில்ல.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்சதுக்கு வர்றேன், ராத்திரி வானம் பாக்குறது. பாரபட்சம் இருக்குன்னு முன்னாடியே ஒத்துக்குறேன். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980-ல இருந்து ஊர் ஊரா வேலை பாக்குறாங்க, துளிர்ங்கிற சிறுவர் அறிவியல் பத்திரிகை நடத்துறவங்க, அவங்க கிளைகள், அமெச்சூர் அஸ்ட்ரானமி க்ளப்புகள், சில காலேஜ் பிசிக்ஸ் டிபார்ட்மெண்ட், இவங்கள்லாம் ஸ்கூல் மைதானத்துலயோ பீச்சுலயோ ஒரு டெலஸ்கோப்பை நட்டு வச்சு வர்றவங்களுக்கெல்லாம் காட்டுவாங்க. காசு கிடையாது. இங்கயும் க்யூ உண்டுதான், ஆனா இந்த க்யூல நிக்கிற நேரம் வீண் இல்ல, தலையைத் தூக்கினா வானம் இருக்கு, பக்கத்துல ஒருத்தர் லேசர் பாயிண்டர் வச்சுக்கிட்டு இது திருவாதிரை, இது மிருகசீரிடம், அந்தக் கொத்து கார்த்திகைன்னு சொல்லிட்டே இருப்பாரு. பாட்டி பஞ்சாங்கத்துல படிச்ச பேரெல்லாம் மேல நிக்குதுன்னு தெரிஞ்சதும் பாட்டியே கேள்வி கேக்க ஆரம்பிச்சிடுவாங்க.

அதுவும் தமிழ்நாட்டுக்கு பிப்ரவரி அருமையான மாசம். வடகிழக்குப் பருவமழை முடிஞ்சு வானம் பெரும்பாலும் தெளிவா இருக்கும், கோடை வெக்கையும் முழுசா வந்திருக்காது. சாயங்காலம் ஏழரை எட்டு மணிக்கு ஓரியன்ங்கிற நட்சத்திரக் கூட்டம் தலைக்கு மேல நிக்கும், அந்த மூணு நட்சத்திர இடுப்புப்பட்டைக்குப் பக்கத்துல 1300 ஒளியாண்டுக்கு அந்தப் பக்கம் ஒரு நெபுலா, புது நட்சத்திரம் பிறக்குற இடம், சின்ன டெலஸ்கோப்லயே புகை மாதிரி தெரியும். தெற்க அகத்தியர் நட்சத்திரம் தெரியும், டெல்லிக்காரங்களுக்கு அது அடிவானத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும், நமக்கு நல்லா மேல. இப்போ சில வருஷமா பிப்ரவரி சாயங்காலம் வியாழனும் மாட்டுது, கலிலியோ 1610-ல பாத்த அதே நாலு நிலவு வரிசையா நிக்கிறதைப் பாக்கலாம். ஆனா போஸ்டர்ல சனி வளையம் படம் போட்டிருந்தா நம்பிப் போகாதீங்க, இந்தச் சில வருஷமா பிப்ரவரி கடைசில சனி சூரியனை ஒட்டிப் போயிடுது, சாயங்காலத்துல சரியா காட்ட முடியாது. போஸ்டர் போடுறவங்க கூகுள்ல இருந்து எடுத்துப் போட்டுடுறாங்க, அவங்களைச் சொல்லியும் குத்தமில்ல.

நிலா எந்தப் பக்கம் இருக்குன்னு காலண்டர்ல ஒரு பார்வை பாத்துக்கோங்க, இது முக்கியம். பௌர்ணமியை ஒட்டி வச்சாங்கன்னா நெபுலா அடிபட்டுப் போகும், நிலாவே ட்யூப்லைட் மாதிரி பளிச்சுன்னு இருக்கும், பள்ளம் மேடு நிழல் எதுவும் தெரியாது. அமாவாசையில இருந்து ஆறு ஏழு எட்டு நாள்ல வச்சா அருமை, பாதி நிலாவோட வெளிச்சமும் இருட்டும் சேர்ற கோட்டுல ஒவ்வொரு குழியும் நிழலோட தெரியும், முதல் தடவை பாக்குற யாரா இருந்தாலும் வாய்விட்டு ஏதாவது சொல்லாம நகர மாட்டாங்க. நடத்துறவங்க இதைப் பாத்துத்தான் தேதி வைக்கணும், ஆனா 28-ன்னா 28-தான்னு அடம் பிடிக்கிற தலைமையாசிரியருங்க உண்டு.

கொஞ்சம் சீரியஸா ஆர்வம் இருக்குற டீனேஜ் புள்ளைன்னா ஜவ்வாது மலை காவலூர் வைணு பாப்பு வானாய்வகம். 2.34 மீட்டர் தொலைநோக்கி. அங்க இருக்குற பழைய 1 மீட்டர் தொலைநோக்கிலதான் 1977-ல யுரேனஸுக்கு வளையம் இருக்குங்கிற கண்டுபிடிப்புல நம்மாளுங்களும் பங்கெடுத்தாங்க. சனிக்கிழமைகள்ல பொதுமக்களை விடுறது வழக்கம், இந்திய வானியற்பியல் நிறுவனத்தோட அறிவிப்பைப் பாத்துட்டுக் கிளம்புங்க. மலைப்பாதை, ராத்திரித் திரும்பணும், சொந்த வண்டி இல்லாம கஷ்டம். பெரிய தொலைநோக்கில கண்ணை வச்சுப் பாக்கலாம்னு மட்டும் நினைச்சுக்கிட்டுப் போகாதீங்க, அதுல இப்போ யாரும் கண்ணை வச்சுப் பாக்குறதில்ல, கேமராவும் கருவியும்தான், வர்றவங்களுக்குச் சின்ன டெலஸ்கோப்ல காட்டுவாங்க. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-ல ஆரம்பிச்சது, நூறு வருஷத்துக்கு மேல சூரியனை படம் பிடிச்சு வச்சிருக்காங்க, டூர் போற சாக்குல ஒரு எட்டு எட்டிப் பாக்கலாம்.

ராத்திரி முடியாதுன்னா பகல்லயே ஒண்ணு. ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை ப்ளாஸ்டிக் பந்துல ஒட்டி ஒரு வளையத்து மேல உக்கார வச்சு, சூரியனை இருட்டு ரூம் சுவத்துல விழ வைக்கிறது. இருபது மீட்டர் தள்ளி வச்சா பதினெட்டு பத்தொன்பது சென்டிமீட்டர்ல வட்டமா சூரியன் வந்து விழும், கண்ணாடி சதுரமா இருந்தாலும் பிம்பம் வட்டம்தான், ஏன்னு புள்ளைங்களே மண்டையை உடைச்சுக்கட்டும். பெரிய கரும்புள்ளி ஏதாவது இருந்தா அதுவும் மங்கலா தெரியலாம். செலவு ஒரு பந்து. நேரா சூரியனைப் பாக்கவோ பைனாகுலரைத் திருப்பவோ மட்டும் யாரையும் விட்டுடாதீங்க, கண்ணு போயிடும். பத்தாவது ப்ளஸ் டூ புள்ளைங்களுக்கு ஒரு மணி நேரத்துல முடியுற விஷயம் சொல்றேன்னு சொன்னேன்ல, இதுதான், அவங்க ஆப்டிக்ஸ் பாடமும் ஓடிடும்.

லெக்சர். இது புள்ளைங்களை விட பெரியவங்களுக்குத்தான். ராமனே இதுல கில்லாடி, தன் கண்டுபிடிப்பைப் பத்தி 1928 மார்ச் 16-ம் தேதி பெங்களூருல மேடை ஏறிப் பேசினவர். சென்னைல கணித அறிவியல் நிறுவனம் 2016-ல இருந்து 'சயின்ஸ் அட் தி சபா'ன்னு மியூசிக் அகாடமில நடத்துறாங்க, கச்சேரி கேக்குற மாதிரி உக்காந்து கணக்கும் பிசிக்ஸும் பயாலஜியும் கேக்கலாம், நுழைவு இலவசம். பேசுறவங்க தரமானவங்க, நல்லா தயார் பண்ணிட்டு வர்றாங்க. இங்கிலீஷ்லதான் இருக்கும், ப்ளஸ் ஒன்னுக்குக் கீழ உள்ள புள்ளையை உக்கார வச்சா நெளியும். கேள்வி நேரம்னு ஒண்ணு உண்டு, அதுல மைக் கைக்கு வந்ததும் கேள்வி கேக்காம தன் கருத்தைப் பத்து நிமிஷம் சொல்ற மாமா ஒருத்தர் ஒவ்வொரு ஊர்லயும் இருக்காரு. லெக்சர் முடிஞ்சு காபி குடிக்கிற இடத்துல பேசுனவரைப் பிடிங்க, அங்கதான் நல்ல பதில் வரும். தமிழ்ல வேணும்னா மாவட்ட நூலகங்கள்ல, மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்துல, அறிவியல் இயக்கக் கூட்டங்கள்ல தேடுங்க. சின்ன ஹால், முப்பது பேரு, எனக்கு அதுதான் பிடிக்கும்.

ஸ்கூல் கண்காட்சி பத்தி அதிகம் சொல்ல ஒண்ணுமில்ல. தெர்மாகோல் எரிமலை, வினிகரும் சோடா மாவும். எரிமலை அப்படி வெடிக்கிறதில்லைன்னு யாராவது அந்தப் புள்ளைங்ககிட்ட சொன்னா தேவலை. அப்பா ராத்திரி முழுக்க ஒட்டினதைப் புள்ள மனப்பாடமா ஒப்பிக்கும். உங்க புள்ள அதுல இருந்தா போய்ட்டு வாங்க, கட்டாயம் போகணும், ஆனா பாக்குறதுக்காக மட்டும் வெளி ஸ்கூல் கண்காட்சிக்குப் போறது நேர விரயம். ஒரு சின்ன விளையாட்டு வேணா பண்ணலாம். பச்சை லேசரை ஆலிவ் எண்ணெய்க்குள்ள விட்டு, கதிர் சிவப்பா மாறுது பாருங்க, இதுதான் ராமன் விளைவுன்னு யாராவது காட்டினா, நிதானமா "இது ஃப்ளோரசன்ஸ் இல்லையா"ன்னு கேளுங்க. எண்ணெயில இருக்குற பச்சையம் பச்சை வெளிச்சத்தை வாங்கிக்கிட்டு சிவப்பா வெளிய விடுற வேலை அது. ராமன் சிதறல் கோடில ஒரு ஒளித்துகள் கணக்குல வர்றது, அவ்ளோ சுலபமா பளிச்சுன்னு கண்ணுக்குத் தெரியாது.

பெரிய அளவுல ஒண்ணுன்னா இந்தியா சர்வதேச அறிவியல் திருவிழா, 2015-ல டெல்லில ஆரம்பிச்சு ஊர் ஊரா சுத்துது, 2017-ல சென்னைக்கு வந்துச்சு, 2024-ல குவாஹாத்தி. இது பிப்ரவரில வர்றதில்ல, ஒவ்வொரு வருஷம் ஒவ்வொரு மாசம். நாலு நாள், ஏகப்பட்ட அரங்கு, இஸ்ரோல இருந்து வேளாண் துறை வரைக்கும் எல்லாரும் கடை விரிப்பாங்க. காலேஜ் ஸ்டூடண்ட், ஸ்டார்ட்அப் ஆளு, ஆசிரியர், இவங்களுக்கு ஆட்களைப் பிடிக்க நல்ல இடம். குடும்பத்தோட அதுக்காக மட்டும் வேற மாநிலம் போறதா? எனக்குத் தோணல. உங்க ஊருக்கோ பக்கத்து ஊருக்கோ வந்தா ஒரு அரை நாள், அதுவும் கடைசி நாள் மதியம், ஸ்டால்காரங்க ஃப்ரீயா இருப்பாங்க, வாய் ஓயாம பேசுவாங்க.

இதுக்கு நேர் எதிர் பறவை கணக்கெடுப்பு. கிரேட் பேக்யார்ட் பேர்ட் கவுண்ட், 1998-ல அமெரிக்கால ஆரம்பிச்சது, இந்தியால 2013-ல இருந்து நடக்குது, பிப்ரவரி நடுவுல நாலு நாள். அறிவியல் தினத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடி வர்றதால யாரும் இதைச் சேத்து யோசிக்கிறதில்ல. நம்ம ஊர்ல பொங்கலுக்குத் தனியா பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் உண்டு. பண்ண வேண்டியது இவ்ளோதான்: ஒரே இடத்துல குறைஞ்சது பதினஞ்சு நிமிஷம், பாத்த கேட்ட பறவை எல்லாத்தையும் எண்ணி இபேர்ட்ங்கிற பறவைப் பதிவு இணையதளத்துல ஏத்தணும். மைனா, காக்கா, தேன்சிட்டு, கரிச்சான், செண்பகம், கொண்டலாத்தி. குளிர்காலத்துக்கு வந்த வாலாட்டிக் குருவி இன்னும் ஊருக்குக் கிளம்பியிருக்காது. மத்த எல்லாத்துலயும் நீங்க பார்வையாளர், இதுல நீங்க எண்ணினது உண்மையான டேட்டாவா போய்ச் சேருது, நாளைக்கு ஒரு ஆராய்ச்சியாளர் அதை எடுத்துப் பயன்படுத்துவாரு. எட்டு வயசுப் புள்ளைகிட்ட இதைச் சொல்லிப் பாருங்க, முதுகு நிமிர்ந்துடும். குறைன்னா, தெரிஞ்சவங்க ஒருத்தர் கூட இல்லாம ஆரம்பிச்சா எல்லாக் குருவியும் ஒண்ணா தெரிஞ்சு பத்தாவது நிமிஷம் போர் அடிச்சுடும். அதனால முதல் தடவை பக்கத்துக் காலேஜ்லயோ ஏரிலயோ குழுவா பண்றவங்களோட ஒட்டிக்கோங்க, மெர்லின் ஆப் போன்ல இருந்தா சத்தம் வச்சுக் கண்டுபிடிக்க உதவும், அது சொல்றதை அப்படியே நம்பிடாம கண்ணால ஒருக்கா பாத்துக்கோங்க.

ஆன்லைன் லெக்சர், லைவ் ஸ்ட்ரீம் எல்லாம் இருக்கு. உடம்பு முடியாதவங்களுக்கும் தூர ஊர்க்காரங்களுக்கும் அது பெரிய வரம், மத்தவங்க போய்த்தான் பாருங்களேன்.

சரி, எங்க வீட்டுக்கு எதுன்னு கேட்டா இப்படிச் சொல்லுவேன். அஞ்சு ஆறு வயசுன்னா கோளரங்கமும் ஏதாவது ஒரு பார்க்கும், அதுக்கு மேல ஆசைப்படாதீங்க. எட்டுல இருந்து பதினொண்ணு வரைக்கும் டெலஸ்கோப் ராத்திரி, இல்ல பறவை. இந்த வயசுல கேள்வி கொட்டும், அதுக்குப் பதில் சொல்ல ஆள் பக்கத்துல நிக்கணும். பன்னெண்டு பதினஞ்சுக்கு ஓப்பன் டே, பெங்களூருதான் வேணும்னு இல்ல, பக்கத்துல இருக்குற லேப் ஒண்ணு திறந்தா அதுக்கே போங்க. காலேஜ் போற புள்ளைங்க பாக்கப் போகாம வாலண்டியரா போகட்டும், ஒரே விஷயத்தை நூறு பேருக்குச் சொல்லி முடிக்கும்போது அது அவங்களுக்கே புரிஞ்சிருக்கும். ரிட்டையர் ஆனவங்களுக்கு லெக்சர், ஆனா மைக் மாமா ஆகிடாதீங்க. ரெண்டு புள்ளைக்கும் வயசு வித்தியாசம் ஜாஸ்தின்னா டெலஸ்கோப்தான், அங்க மட்டும்தான் சின்னதும் பெருசும் பாட்டியும் ஒரே க்யூல சந்தோஷமா நிப்பாங்க.

ஆசிரியர்களுக்குத் தனியா ஒண்ணு. நாப்பது புள்ளைங்களை பஸ்ல ஏத்தி, பர்மிஷன் லெட்டர் வாங்கி, சாப்பாடு கட்டி, ஒரு பெரிய கண்காட்சில ஒருத்தர் சட்டையை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு சுத்தி வர்றதுக்குப் பதிலா, ஆளை உங்க ஸ்கூலுக்கு வரச் சொல்லுங்க. அரசுப் பள்ளின்னா 2022 நவம்பர்ல ஆரம்பிச்ச வானவில் மன்றம்ங்கிற அரசுத் திட்டத்துல அறிவியல் சோதனை செஞ்சு காட்டுற கருத்தாளர்கள் எப்படியும் வர்றாங்க, அவங்களோட வருகையை அந்த வாரத்துல போட்டுத் தரச் சொல்லிக் கேக்கலாம். அறிவியல் இயக்க மாவட்டக் கிளைக்கு ஜனவரிலயே சொல்லி வச்சா டெலஸ்கோப்போட வருவாங்க, பிப்ரவரி கடைசி வாரத்துல கேட்டா எல்லாருக்கும் அவங்கதான் வேணும், கிடைக்க மாட்டாங்க. தேதியை நிலா பாத்து வைங்க. அம்மா அப்பாக்களையும் வரச் சொல்லுங்க, ராத்திரி எட்டரைக்கு மேல இழுக்காதீங்க. மைதானத்துல ஃப்ளட் லைட் எரியாம வாட்ச்மேன்கிட்ட சொல்லி வைங்க, பக்கத்துத் தெருவிளக்கை ஒரு மணி நேரம் அணைச்சுத் தரச் சொல்லி ஊராட்சிலயோ நகராட்சிலயோ ஒரு வாரம் முன்னாடியே எழுதிக் கொடுங்க, அன்னிக்குச் சாயங்காலம் போய்க் கேட்டா சுவிட்ச் பாக்ஸ் சாவி யார்கிட்ட இருக்குன்னே யாருக்கும் தெரியாது.